ஒரு கன்னம் கடலை

காட்டாற்றங்கரையில் ஒரு பெரிய மருதமரம். அதில் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது. அந்தக் கூட்டத்தில் மூக்காயி என்று ஒரு தாய்க்குரங்கு. அவளுக்கு ஒரே மகன். பெயர் சடையன்.

குரங்குகளுக்குக் கன்னத்துக்குள்ளே ஒரு பை உண்டு. கிடைத்ததை அதில் அடக்கிக்கொண்டு, வேண்டும்போது எடுத்து மெல்லும். சடையனுக்கும் அந்தப் பை இருந்தது. ஆனால் அதற்கு வேலையே வரவில்லை. பசி என்று அவன் சொல்லுமுன் அம்மா கடலையை உரித்து நீட்டிவிடுவாள்.

ஒரு நாள் காலை அவன் வந்து எதிரே நின்றான். குரல் உடைந்து, கைகால் நீண்டு, எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் தலை இடிக்கிற வயசு.

"அம்மா, இனிமே காலையிலேயே எனக்குக் கன்னத்துல கடலை போட்டுக் கொடுத்துடு. நான் பாறைப் பக்கம் போறேன். சாயங்காலம்தான் வருவேன்."

"பசிச்சா வந்து தின்னுட்டுப் போயேன். யார் வேணாம்னா?"

"வரகனுக்கு அவங்க அம்மா கொடுக்கறாங்க. எல்லாருக்கும் கொடுக்கறாங்க. நான் மட்டும் நடுவுல நடுவுல ஓடி வந்தா சிரிக்கறாங்க."

மூக்காயிக்குச் சுருக்கென்றது. கடலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆண்பிள்ளைகள் வளர்ந்ததும் ஆற்றைத் தாண்டி வேறு கூட்டத்தில் போய்ச் சேருவது அந்தக் காட்டு வழக்கம். அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் சில பிள்ளைகள் போன பிறகும் தாயைத் தேடி வரும். பக்கத்தில் உட்கார்ந்து நடந்தது நடவாதது எல்லாம் சொல்லும். தன் மகனும் அப்படி வந்து பேசுகிற பிள்ளையாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் மூக்காயியின் ஆசை.

இந்த வயசில் கையைத் தளர்த்தினால் கெட்டுப்போவான். இறுக்கிப் பிடித்தால் முறைத்துக்கொள்வான். அப்படியானால் எவ்வளவுதான் கொடுப்பது? ஒரு கன்னமா, அரைக் கன்னமா?

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். அந்தத் தோழனையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். அந்தப் புத்தி லேசில் யாருக்கு வருகிறது? அவள் ஊரைக் கேட்கப் போனாள்.

முதலில் காட்டுப்பன்றியைக் கேட்டாள். பன்றி சேற்றில் புரண்டுகொண்டே பதில் சொன்னது.

"கொடுக்கறதா? எதுக்குக் கொடுக்கணும்? எனக்கும்தான் ஒரு பட்டாளம் இருக்கு. ஒண்ணுக்கும் ஒரு கிழங்கு கொடுத்ததில்லை. மூக்கு இருக்குல்ல, தோண்டித் தின்னட்டும்."

உனக்கென்ன, ஒன்று கோபித்துக்கொண்டு போனால் மற்றது இருக்கிறது, எனக்கு இருப்பதே ஒன்று என்று மனசுக்குள் முணுமுணுத்தபடி மூக்காயி நகர்ந்தாள்.

அடுத்து எதிர்மரத்துக் காக்கை.

"தாராளமா ஒரு கன்னம் கொடு, மூக்காயி. ஆனா சாயங்காலம் வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாரு. எங்கே போச்சு, யாருக்குப் போச்சுன்னு ஒண்ணு விடாம கேளு. கேக்கற தாய் இருந்தாத்தான் பிள்ளை உருப்படும். என் குஞ்சை நான் அப்படித்தான் வளர்த்தேன்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்த அந்தப் பொன்குஞ்சு, ஒரு நாள் கூவிவிட்டுக் குயிலாய்ப் பறந்துபோன கதை காடு முழுக்கத் தெரியும். மூக்காயிக்கும் தெரியும். இருந்தாலும் அந்த யோசனைதான் அவளுக்குப் பிடித்தது. கொடுத்த மாதிரியும் இருக்கும், பிடியை விடாத மாதிரியும் இருக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை மகனுக்கு ஒரு கன்னம் நிறையக் கடலை போட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீங்கிய கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிளைக்குக் கிளை தாவிப் போனான்.

சாயங்காலம் வந்ததும், "வாயைத் திற, பார்ப்போம்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே திறந்தான். கன்னம் காலி.

"எங்கேடா போச்சு?"

"வரகனுக்குக் கொஞ்சம் கொடுத்தேன், அவன் நாவல்பழம் கொடுத்தான். அப்புறம் யார் தூரமா எறியறதுன்னு பந்தயம் வச்சோம். அதுல கொஞ்சம் போச்சு. நான்தான் ஜெயிச்சேன்! மீதியத் தின்னேன். அப்ப பாறை மேல ஒரு உடும்பு வந்துது பாரு அம்மா..."

உடும்புக் கதை அவள் காதில் ஏறவில்லை. "எறிஞ்சியா? கடலைக்கொல்லையில நாய்க்குப் பயந்து பயந்து நான் பொறுக்கிட்டு வந்தா, நீ எறிஞ்சு விளையாடுவியா? வரகனுக்கு எதுக்குக் கொடுத்தே? அவன் அம்மா என்னிக்காவது நமக்கு ஒரு பழம் கொடுத்திருக்காளா?"

சடையன் முகம் சுருங்கிப் போயிற்று. அடுத்த நாள் பந்தயத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. அதற்கடுத்து வரகன் பேச்சையும் எடுக்கவில்லை. நாளாக ஆக, "எல்லாம் நானே தின்னுட்டேன்" என்று ஒரே பதில்தான். மூக்காயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகன் வழிக்கு வந்துவிட்டான் என்று காக்கையிடம் போய்ச் சொல்லிப் பூரித்தாள். பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் காக்கை அவசர அவசரமாகப் பறந்து வந்தது.

"மூக்காயி, உன் மகன் கடலையைத் தின்னவே இல்லை. பாறை இடுக்குல கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறான். என் கண்ணால பார்த்தேன். இந்த வயசுல எதுக்கு ஒளிப்பாங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

அவ்வளவுதான். மூக்காயிக்குக் கண்மண் தெரியவில்லை. நேரே பாறைக்கு ஓடினாள். அங்கே சடையன் தோழர்களோடு வட்டமாக உட்கார்ந்திருந்தான்.

"வாயைத் திற."

"அம்மா, மரத்துக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"திறடான்னா!"

அவள் இரண்டு கையாலும் அவன் கன்னத்தை அழுத்தினாள். கடலை பொலபொலவென்று பாறையில் கொட்டியது. ஒருவன் சிரித்தான். உடனே எல்லாரும் சிரித்தார்கள். வரகன் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். மூக்காயி அதோடு விடவில்லை. இடுக்கிலும் கையை விட்டு, அங்கே இருந்ததையெல்லாம் துழாவி வெளியே எடுத்தாள்.

"யாருக்குடா இது? எந்தக் களவாணிப் பயலுக்குச் சேர்த்து வைக்கிறே?"

சடையன் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"நீ கொடுத்தது எனக்குன்னு நினைச்சுட்டேன் அம்மா" என்றான்.

கோபம் ஆறியதும் மூக்காயிக்கு மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் பெற்றவள். மறுநாள் வழக்கம்போல் கடலை போட்டாள். அவனும் மறுக்காமல் வாங்கிக்கொண்டான். சாயங்காலம் வந்து, அவள் கேட்குமுன் தானே வாயைத் திறந்து காட்டினான்.

"எங்கேடா போயிருந்தே?"

"பாறைக்கு."

"அங்கே என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்லை."

அப்புறம் தினமும் அதேதான். அவன் வாயைத் திறந்து காட்டினான். பேச்சுக்கு மட்டும் அந்த வாய் திறக்கவில்லை. அவள் ஏதேதோ கேட்டுப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். 'ம்' என்பான், போய் நுனிக்கிளையில் படுத்துக்கொள்வான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வயசுப் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டினார்கள். சடையனும் போனான். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளம் வந்து வடிந்தது. போன பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாயைப் பார்க்க வந்தார்கள். வரகன் வந்தான். அவன் அம்மா பேன் பார்த்துவிட, அவன் ஓயாமல் கதை அளந்துகொண்டிருந்தான். மூக்காயி தன் கிளையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கடைசியில் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வரகா, உண்மையைச் சொல்லு. அந்தக் கடலையை அவன் யாருக்குச் சேர்த்தான்?"

"யாருக்கும் இல்லை அத்தை. இடுக்கு நிறையற வரைக்கும் தின்னாம இருக்க முடியுதான்னு பார்க்கறேன்னான். நிறைஞ்சதும் முதல்ல உங்களைத்தான் கூட்டிட்டு வந்து காட்டணும்னு சொல்லிட்டு இருந்தான்."

மூக்காயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பசியை அடக்கிச் சேர்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளையைத் திருடனைப் போல நிறுத்திவைத்துச் சோதனை போட்டோமே என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டு என்ன பிரயோசனம்?

மறுநாள் இரண்டு கன்னமும் நிறையக் கடலையை அடக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். அக்கரையில் ஓர் அத்திமரத்தில் சடையன் இருந்தான். ஆள் நன்றாக வளர்ந்திருந்தான்.

"வா அம்மா" என்றான். நல்ல கிளையாகப் பார்த்து உட்காரச் சொன்னான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சு அம்மா."

"இங்கே எல்லாரும் உன்னை நல்லா வச்சுக்கறாங்களா?"

"வச்சுக்கறாங்க."

"தப்புப் பண்ணிட்டேன்டா. வரகன் எல்லாம் சொன்னான்."

"பரவாயில்லை அம்மா. அது பழசு."

அவள் கொண்டுவந்த கடலையை நீட்டினாள். அவன் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். புறப்படும்போது அவளுக்கு ஆசை அடங்கவில்லை. மகனின் கன்னத்தை ஒரு தரம் தடவிப் பார்க்கக் கையை நீட்டினாள்.

கை பட்டதுதான் தாமதம், சடையன் சட்டென்று வாயை அகலத் திறந்து காட்டினான்.

'அதுக்கில்லைடா, கண்ணா' என்று சொல்ல நினைத்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அவள் பார்த்து முடிக்கட்டும் என்று அவன் வாயை மூடாமல் காத்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைக்குக் கொடுப்பது ஒரு கன்னமானாலும் அரைக் கன்னமானாலும் கொடுத்தது அவனுடையது. கொடுத்த கையே திரும்பப் போய்த் துழாவினால் கடலை கிடைக்கும், பிள்ளை கிடைக்கமாட்டான்.