நத்தைக்குளம் கிளப் அடித்த பந்து

நத்தைக்குளம் கால்பந்துக் கிளப்பின் செயலாளர் சங்கரபாகம் எதைச் சொன்னாலும் ஊர்க்காரர்கள் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். டெய்லர் மாசானம் முழுசையும் கழித்துவிடுவார். நாற்பது வருஷமாக இவர் புளுகுவதும் அவர் அங்கேயே பிடிப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஒருநாள் மட்டும் மாசானம் சும்மா இருந்தால் போதும் என்றிருந்தது சங்கரபாகத்துக்கு. மாவட்ட லீக்கில் ஒரே ஒரு இடம் காலி. இவர்களும் பக்கத்து ஊர் வடலிவிளையும் கேட்டிருந்தார்கள். எந்தக் கிளப் பழசோ அதற்குத்தான் இடம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. விசாரிக்க வந்த ஜெபஸ்டின் சார் டீக்கடை பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்து, கிளப்பின் பழைய காகிதங்களைக் கேட்டார். கறையான் தின்றுவிட்டது என்றார் சங்கரபாகம். அன்று அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

காகிதம் போனால் என்ன, வாய் இருக்கிறதே. கிளப்பின் முதல் பந்து பசுத்தோலில் தைத்ததாம். அம்மா வாசம் அடித்ததால் கன்றுக்குட்டிகள் அதன் பின்னாலேயே ஓடி வருமாம். ஒரு கன்று மட்டும் மூன்று கோல் போட்டிருக்கிறதாம்.

“காளையா, கிடேரியா வே?” என்றார் மாசானம், டீயை ஆற்றிக்கொண்டே.

சங்கரபாகம் காதில் விழாத மாதிரி அடுத்ததற்குப் போனார். கோல்கீப்பர் பூலுடையார் கையை விரித்தால் இரண்டு போஸ்டும் தொடும். மழைக்காலத்தில் ஊர் வேட்டி மொத்தமும் அந்தக் கையில்தான் காய்ந்தது. அந்த வருஷம் விட்ட ஒரே கோலும் ஈர வேட்டி கண்ணை மறைத்ததால் விட்டதுதான். மழையில் வேட்டி எப்படிக் காயும் என்று மாசானம் கேட்க, பெஞ்சே சிரித்தது. ஜெபஸ்டின் சார் பேனாவை மூடினார்.

இடம் கைநழுவுகிறது என்று சங்கரபாகத்துக்குத் தெரிந்துவிட்டது. இருந்ததிலேயே பெரியதை எடுத்துவிட்டார்.

“எழுபத்தொம்பதுல கோட்டைக்கரையோட ஃபைனல் சார். கடைசி நிமிஷத்துல எங்க தளவாய் ஒரு அடி அடிச்சான் பாருங்க. பந்து மேல போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருக்கு. பந்து ஆகாசத்துல இருக்கும்போது விசில் ஊதப்படாது, அது எங்க கிளப் வழக்கம். ரெஃப்ரி வாயில விசிலோடயே நின்னு அப்படியே ரிட்டயர்டும் ஆயிட்டாரு. பந்து இன்னும் எறங்கல சார். அன்னையிலேர்ந்து ஊர்ல ஒருத்தரும் மொட்டமாடியில வத்தல் காயப்போடுறதில்ல.”

ஜெபஸ்டின் சார் சிரிக்கவில்லை. “அப்ப அந்த மேட்ச் இன்னும் முடியல?”

“எப்படி சார் முடியும்?” என்றார் சங்கரபாகம் பெருமையாக.

“ஒரு மேட்ச் பாக்கி வச்சிருக்குற டீமை அடுத்த போட்டிக்குச் சேர்க்க விதி இல்லையே. பந்து எறங்கினதும் சொல்லி அனுப்புங்க. இடத்தை வடலிவிளைக்கே கொடுத்துடுறேன்.”

சங்கரபாகம் வாசல் பக்கம் திரும்பினார். கடைக்கு வெளியே டீமே நின்றுகொண்டிருந்தது. லீக்குக்கென்று ஒரு மாசம் உட்கார்ந்து மாசானம் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையைத்தான் எல்லோரும் போட்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

மாசானம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“பந்து எறங்கிட்டு சார். போன செவ்வாக்கிழம. எங்க வீட்டுலதான் விழுந்துது. மூணு ஓடு போச்சு. பந்துல காத்து மட்டும் கொறையல.”

ஜெபஸ்டின் சார் மாசானத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து நத்தைக்குளம் என்று எழுதினார். எழுதி முடித்து, உதட்டோரம் சிரிப்போடு கேட்டார்: “அப்ப தளவாய் அடிச்சது கோல்தானா?”

ஆமாம் என்று சொல்ல சங்கரபாகம் வாயெடுத்தார். மாசானம் முந்திக்கொண்டார்.

“பொய் சொல்லப்படாதுல்லா சார். அவுட்டு.”