சுவரைப் பார்த்து நின்ற வரிசை

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு ஊர். அங்கே அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் ஆவுடையப்பன், நடுவிலே பலவேசம், கடைசி சிதம்பரம். மூன்று பேர் புத்தியையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்தாலும் தராசு முள் அசையாது. ஆனால் சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள், அதையும் சொல்லத்தான் வேண்டும். "மழை வந்தா களத்துல கெடக்க நெல்லை அள்ளிருங்கடே" என்று ஒருநாள் அவர்கள் அப்பா சொல்லிவிட்டுப் போனார். மழை வரவில்லை, மாடு வந்தது. மாட்டைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லையே என்று மூன்று பேரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, அது தின்று முடிக்கிறவரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களுக்கு ஒரே தங்கச்சி கோமு. புத்தி எல்லாம் அந்த ஒரு பிள்ளைக்கே போய்விட்டது. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனவள், மார்ட்டன்பரி என்கிற பழைய சந்தை ஊரில் குடியிருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். ஒரே மகள் ஆதிரை, ஒன்பது வயசு.

ஆதிரைக்குக் குரல் நன்றாக இருக்கும். அந்த ஊரில் பழைய தானிய மண்டபம் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அங்கே பாடுவார்கள். போன வருஷம் இந்தப் பிள்ளை மேடையில் ஏறிப் பார்த்தது. கீழே பதினொரு பேர். அதில் நாலு பேர் தூக்கம். வாயைத் திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டில்கூடப் பாட்டு இல்லை. இந்த வருஷம் என்ன கெஞ்சியும் ஒரே பேச்சு: "மாமா மூணு பேரும் முன் வரிசையில இருந்தா பாடுவேன். இல்லன்னா இனிமே எப்பவும் பாட மாட்டேன்."

அதற்காகத்தான் கோமு டிக்கெட் போட்டு அண்ணன்மார் மூன்று பேரையும் வரவழைத்தாள். பாட்டு நடக்கிற சனிக்கிழமை அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ் பிடித்து வந்து சேர நாலே காலாகும். காலையில் வேலைக்குப் போகும்போது மூன்று பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"பாட்டு மூணு மணிக்குத்தான். அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்கண்ணே. இந்தா, நோட்டீஸு. குடும்பத்தோட வாரவங்களுக்குன்னு போட்டது. எங்க போகணும், என்ன செய்யணும், எல்லாம் இதுல இருக்கு."

"போட்டிருக்கபடியே செஞ்சிருதோம் தாயி" என்றார் ஆவுடையப்பன்.

"மண்டபத்துல சீட்டுக்கு நம்பர் கிடையாது. வரிசையில முதல்ல நிக்கவங்களுக்குத்தான் முன் சீட்டு. நீங்க முதல்ல நிக்கணும். நின்ன பொறவு எதுக்காகவும் வரிசையை விட்டு வெளிய வரக்கூடாது. இந்த ஊர்க்காரங்க எதை வேணாலும் பொறுத்துக்கிடுவாங்க, வரிசை விஷயத்துல மட்டும் பொறுக்க மாட்டாங்க."

"உயிரே போனாலும் வர மாட்டோம்" என்றார் பலவேசம்.

கோமு மூன்று முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். காப்பி குடிக்காமலே வேலைக்குப் போய்விட்டாள்.

நோட்டீஸில் முதல் இடம் கோட்டை. பேர்தான் கோட்டை, மிச்சமிருந்தது ஒரு வாசலும் ஒன்றரைச் சுவரும். சிதம்பரம் மூன்றாம் தடவையில் பத்தாங்கிளாஸ் தேறியவன். எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டி வாசித்துச் சொன்னான். "'நீங்கள்தான் காவலர். வாசலில் நின்று, வருகிறவர் நண்பரா எதிரியா என்று கேளுங்கள். எதிரியை உள்ளே விடாதீர்கள்.' அவ்வளவுதாண்ணே."

சின்னப் பிள்ளைகள் விளையாடுவதற்காகப் போட்டது அது. மூன்று பேரும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றார்கள்.

ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, பெண் ஒன்று, பையன் ஒன்று, தள்ளுவண்டியில் கைக்குழந்தை. சிதம்பரம் இங்கிலீஷில் கேட்டான், நண்பரா எதிரியா என்று. அந்த மனுஷன் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கலாம் என்று, "எதிரி" என்றார்.

அதற்குப் பிறகு அவரால் உள்ளே போக முடியவில்லை.

"பாவம்ணே, கைப்பிள்ளை வச்சிருக்காரு" என்றார் பலவேசம்.

"எதிரிக்கும் கைப்பிள்ளை இருக்கும்லடே. அதுக்காகக் கோட்டையைத் தூக்கிக் குடுத்திருவியா?"

"வீட்டுக்காரம்மா நண்பர்னு சொல்லுதாவ."

"அப்ப அந்தம்மா போகட்டும். பிள்ளைக ஒவ்வொண்ணையும் தனித்தனியா கேளு."

பெண் தன்னை நண்பர் என்றாள், விட்டார்கள். பையன் தன்னை டிராகன் என்றான். டிராகனைப் பற்றி நோட்டீஸில் ஒன்றும் இல்லாததால் அவனையும் விட்டார்கள். அப்பா மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாக ரொட்டி தின்றார். அந்த வாரத்தில் தனக்குக் கிடைத்த நல்ல அரைமணி நேரம் அதுதான் என்று அவர் பின்னால் சொன்னதாகக் கேள்வி.

அடுத்த இடத்துக்குப் போகவேண்டும். காவலை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியுமா?

"ஆள் மாத்தணுமே" என்று யோசித்தார் ஆவுடையப்பன். "பக்கத்துல யாரு இருக்கா?"

"அந்த எதிரிதான் இருக்காருண்ணே."

"அவருக்கிட்டயே குடு. எதிரி யாருன்னு நம்மளைவிட அவருக்கு நல்லாத் தெரியும்."

இரண்டாம் இடம் சந்தைத் திடல். அங்கே அந்தக் காலத்துக் குற்றவாளிகளை மாட்டி வைக்கிற மரச்சட்டம் ஒன்று நின்றது. தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை, அப்படி மூன்று ஆளுக்கு இடம். "'தலையைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் குற்றத்தை உரக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் நாலு மணி நேரம் நிற்கவேண்டும்'னு போட்டிருக்கு" என்றான் சிதம்பரம்.

பலவேசம் தலையைக் கொடுத்தார்.

"குத்தத்தைச் சொல்லு" என்றார் அண்ணன்.

"நான் ஒண்ணும் செய்யலையே."

"ஒண்ணும் செய்யாதவன் எதுக்குல அதுல நிக்க? வெளிய வா."

"போட்டிருக்கபடி செய்யணும்லா. இருங்க." பலவேசம் ஓட்டைக்குள் இருந்தபடியே குரலை உயர்த்தினார். "கோமு வீட்டு நார்த்தங்கா ஊறுகா பாட்டில் ஒடைஞ்சுதுல்லா. அது பூனை இல்ல."

ஆவுடையப்பன் முகம் மாறியது. "பாவி, ரெண்டு நாளா அந்தப் பூனைகிட்ட நான் முகம் குடுத்துப் பேசலையேல. நில்லு, நாலு மணி நேரம்."

சிதம்பரம் விரலை மடக்கினான். "இப்ப பன்னெண்டரை. அண்ணன் வெளிய வர நாலரை ஆயிரும். பாட்டு மூணு மணிக்கு. முன் வரிசையில ரெண்டு மாமாதான் இருப்போம். பிள்ளை மூணுன்னு சொல்லிருக்கா."

இது பெரிய சிக்கல்தான். தண்டனையைக் குறைக்க நோட்டீஸில் வழி இல்லை. மாமாவைக் குறைக்கவும் வழி இல்லை. கடைசியில் ஆவுடையப்பன்தான் தீர்ப்புச் சொன்னார். "நாலு மணி நேரத்தை மூணு பங்கு வைப்போம். ஆளுக்கு ஒரு மணி இருபது நிமிஷம். மூணு பேரும் சேந்தாப்புல நின்னா ஒண்ணே அம்பதுக்கு முடிஞ்சிரும்."

கணக்கு சரியாக இருந்தது. மூன்று தலையும் உள்ளே போனது. வந்தவர் போனவர் எல்லாரும் படம் பிடித்தார்கள். ஒண்ணே ஐம்பதுக்குப் பலகையைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, கழுத்தைத் தடவிக்கொண்டு வரிசையைத் தேடினார்கள்.

திடலில் எங்கேயும் வரிசை இல்லை.

"வரிசைன்னு ஒண்ணு இருந்தாத்தான அதுல முதல்ல நிக்க முடியும்?" என்றார் பலவேசம்.

"இருந்தா முதல்ல நிக்க முடியாதுண்ணே. முன்னால ஆள் இருக்கும்" என்றான் சிதம்பரம்.

"அப்ப முதல் ஆளு எங்கதான் நிப்பான்?"

"ஒண்ணும் இல்லாத இடத்துல போய் நிப்பான்."

தம்பியின் மூளையை நினைத்து ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது. மூன்று பேரும் ஒன்றும் இல்லாத இடம் தேடினார்கள். திடலை ஒட்டியிருந்த தானிய மண்டபத்து வாசலைப் பார்த்தார்கள். அங்கே போர்டு இருந்தது, பூச்சட்டி இருந்தது, பாட்டு டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவ்வளவும் இருக்கிற இடம் எப்படி ஒன்றும் இல்லாத இடமாகும்? அது வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். திடலுக்கு எதிர்த்த மூலையில் ஒரு மொட்டைச் சுவர். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. அதைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு ஹில்டா என்று ஒரு அம்மாள் வந்தார். "இது வரிசையா?" என்றார்.

"வரிசையேதான்" என்றான் சிதம்பரம்.

"நல்லது" என்று பின்னால் நின்றுகொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் மரியாதை இல்லையாம்.

அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் நாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். இரண்டரை மணிக்கு வரிசை ரொட்டிக் கடையைத் தாண்டியது. நடுவில் நின்றவர்கள் ஸ்ட்ராபெரிச் செடி சும்மா கொடுக்கிறார்கள் என்றார்கள். பின்னால் நின்றவர்கள் காய்ச்சல் ஊசி என்றார்கள். இரண்டே முக்காலுக்கு அது மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு கோட்டை வாசலைத் தொட்டது. அங்கே விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்த எதிரி, பெண்டாட்டி பிள்ளைகளையும் டிராகனையும் கூட்டிக்கொண்டு வாலில் சேர்ந்துகொண்டார்.

மண்டபத்தில் என்ன நிலைமை? ஒன்பது பேர். போன வருஷத்தைவிட இரண்டு குறைவு. மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம். ஆதிரை திரையை விலக்கிப் பார்த்தாள். முன் வரிசை காலி. வெளியே ஓடி வந்தாள். திடலுக்கு அந்தப் பக்கம், சுவரில் மூக்கு இடிக்கிற மாதிரி மூன்று வேட்டி.

"மாமா, இங்க என்ன செய்றீங்க? பாட்டு அங்க."

"தெரியும் கண்ணு. நாங்கதான் முதல் ஆளு. கவலைப்படாத" என்றார் ஆவுடையப்பன்.

"இது சுவரு மாமா."

"சுவருதான். ஆனா வரிசை பின்னால எவ்வளவு நீளம் பாத்தியா?"

"மாமா, நீங்க வரலன்னா நான் பாட மாட்டேன்." பிள்ளைக்கு உதடு துடித்தது.

போனால் கோமு சொன்ன சொல் போச்சு. போகாவிட்டால் மருமகள் பாட்டு போச்சு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பலவேசம் மெதுவாகச் சொன்னார். "வரிசையை விட்டு நாமதான வெளிய போகக்கூடாது. வரிசை நம்மகூட வரலாம்லா? அதைப் பத்திக் கோமு ஒண்ணும் சொல்லலையே."

ஆவுடையப்பன் ஒரு அடி எடுத்து வைத்தார். பலவேசம் ஒரு அடி. சிதம்பரம் ஒரு அடி. ஹில்டா அம்மாள் பையை இழுத்துக்கொண்டு ஒரு அடி. இத்தனை நேரம் நின்ற இடத்தை யார் விடுவார்கள்? திடலைக் குறுக்கே கடந்து வரிசை ஊர்ந்தது. கோட்டைப் பக்கம் இருந்தவர்கள், "அப்பாடா, நகருது" என்று சந்தோஷப்பட்டார்கள். டீச்சர் இரண்டு கதவையும் திறந்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

உள்ளே நுழையும்போது ஆதிரை பெரிய மாமா கையைப் பிடித்துக் காதில் சொன்னாள். "பாடி முடிச்சதும் கை தட்டணும் மாமா. நீங்க முதல்ல நிறுத்தக்கூடாது."

"சத்தியமா நிறுத்த மாட்டோம். ஏலே, ரெண்டு பேரும் கேட்டீயளா?"

"கேட்டோம்ணே."

மூன்று பேரும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். இருநூற்றுச் சொச்சம் நாற்காலி நிறைந்து, பின்னால் நாய்களோடு நின்றார்கள் ஜனங்கள். எதற்கு வந்தோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஒரு மணி நேரம் நின்று கிடைத்ததை வேண்டாம் என்று எழுந்து போக அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது.

ஆதிரை மேடையில் ஏறினாள். ஆற்றங்கரை வாத்துகளைப் பற்றி ஒரு பாட்டு. முதல் அடி நடுங்கியது. மாமாமார் மூன்று பேரும் முழங்காலில் கை வைத்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் அடி நிமிர்ந்தது. மூன்றாம் அடியில் குரல் உத்திரத்தைத் தொட்டுத் திரும்பியது. ஹில்டா அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். ஸ்ட்ராபெரிச் செடியை எல்லாரும் மறந்தார்கள்.

பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். பிள்ளை குனிந்து வணங்கியது, தட்டினார்கள். மறுபடி வணங்கியது, தட்டினார்கள். மூன்றரை ஆனது. அடுத்துப் பாட வேண்டிய பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று பார்த்தார்கள், நேரம் போகவில்லை என்று அவர்களும் தட்டினார்கள். பூட்டுச் சாவியோடு வந்த காவல்காரர் சாவியை இடுக்கிக்கொண்டு தட்டினார். நாலு மணி. ஆதிரைக்கு வாயெல்லாம் பல்.

நாலே காலுக்குக் கோமு பஸ்ஸை விட்டு இறங்கினாள். தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி மண்டபத்திலிருந்து சத்தம். வெளியே வானம் வெளுத்துக் கிடந்தது. உள்ளே ஓடிப் பார்த்தாள். மகளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அண்ணன்மாரிடம் போனாள்.

"பாட்டு எப்ப முடிஞ்சுதுண்ணே?"

"மூணு அஞ்சுக்கு" என்றார் ஆவுடையப்பன் தட்டிக்கொண்டே.

"அப்ப நிறுத்த வேண்டியதுதான?"

"நாங்க முதல்ல நிறுத்த மாட்டோம்னு பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிருக்கோம் தாயி. வேற யாராவது நிறுத்தட்டும், மறு நிமிஷம் நாங்களும் நிறுத்திருதோம். எனக்குத் தோள்பட்டை கழண்டு போச்சு."

கோமு திரும்பி, அடுத்த நாற்காலியில் இருந்த ஹில்டா அம்மாளிடம் குனிந்தாள். "அம்மா, நீங்க கொஞ்சம் முதல்ல நிறுத்துங்களேன்."

ஹில்டா அம்மாள் சிவந்த கையைத் தட்டிக்கொண்டே அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது எப்படிம்மா? அவங்க எனக்கு முன்னால நின்னவங்க. முதல்ல அவங்க முறை."

அவருக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஹில்டா அம்மாளைக் காட்டினார். பெரியவருக்குப் பின்னால் இருந்தவர் பெரியவரைக் காட்டினார். எதிரிவரைக்கும் அப்படியே போனது.

கோமுவுக்கு வேறு வழி தெரியவில்லை. பையைக் கீழே வைத்தாள், கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்று அவளும் தட்ட ஆரம்பித்தாள்.