ராஜா சாப்பிட்டாத்தான் வேளை

முன்னொரு காலத்துல மஞ்சக்கோட்டையை பூலோகராசன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. நாமெல்லாம் நாளைக்கு மூணு வேளை சாப்பிடுவோம். அவரு ஒன்பது வேளை.

அரண்மனையில நேரம் பாக்குறவ வெயிலாச்சி. தண்ணித் தொட்டியில ஒரு ஓட்டை வட்டிலை மிதக்க விடுவா. அது முங்குனா ஒரு நாழிகை. சேகண்டியில ஒரு அடி, டொய்ங்! அந்த வேலையைப் புடுங்கித் தன் மச்சினனுக்கு வாங்கிக் குடுக்கணும்னு அழகம்பெருமாள்னு ஒரு மந்திரிக்கு ஆசை. ஆளு மூக்காலதான் பேசுவாரு.

"மகாராஜா, வேளைன்னா நேரம்ங். வேளைன்னா சாப்பாடும்தான்ங். ஓட்டை வட்டில் சொல்ற நேரத்துக்கு நீங்க சாப்பிடுறதாங்? நீங்க சாப்பிட்டாத்தான் வேளை! அப்படி மூணு வேளை ஆனா ஒரு நாள். உங்க ஏப்பத்தைக் கேட்டு மணியடிக்க என் மச்சினன் இருக்கான்ங்."

ராஜாவுக்கு உச்சி குளுந்துபோச்சு. "அட, நல்லாருக்கே! இன்னையிலேருந்து அதான் கணக்கு. வெயிலாச்சி, நாளைக்கு வட்டிலைத் தூக்கிட்டுக் கிளம்பு."

 இந்த வேலை போனா வெயிலாச்சி வீட்ல அடுப்பு எரியாது. ராத்திரியெல்லாம் உக்காந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டா.

மறுநாள் சபைக்கு வட்டிலோட வந்தா. கூடவே ஒரு காவி வேட்டி, கைத்தடி, கமண்டலம்.

"யாருக்கும்மா இதெல்லாம்?"

"உங்களுக்குத்தான் மகாராஜா. உங்களுக்கு வயசு நாப்பது. ஒன்பது வேளை சாப்பிடுறீங்க, புதுக் கணக்குல ஒரு நாளுக்கு மூணு நாள் ஓடுது. ஆக, நூத்தி இருவது ஆயிருச்சு! எண்பது தாண்டுன ராஜா மகனுக்குக் கிரீடத்தைக் குடுத்துட்டுக் காட்டுக்குப் போகணும்னு உங்க பாட்டனார் சட்டம் போட்டிருக்காரே. நாப்பது வருசம் சும்மா உக்காந்துட்டீங்க."

பக்கத்துல இருந்த இளவரசர் மெதுவாத் தன் தலையைத் தடவி அளவு பாத்தாரு.

ராஜா துள்ளி எந்திரிச்சாரு. "பழைய கணக்கே இருக்கட்டும்! யோவ் அழகம்பெருமாளு!"

"சின்னத் தப்பு நடந்துபோச்சுங்..."

"பயப்படாதீரு. ஒரே ஒரு நாள்தான் கொட்டடி. உமக்கு மட்டும் உம்ம கணக்கு. நான் மூணு வேளை சாப்பிட்டதும் வெளிய வந்துரலாம்."

மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்னு மந்திரி சிரிச்சுக்கிட்டே உள்ள போனாரு.

வெயிலாச்சிக்கு வேலையும் நிலைச்சுது, புதுச் சேகண்டியும் கெடச்சுது. ராஜாவுக்கு இலை போட்டாங்க. நெய்ச்சோறு, வறுத்த காடை. ராஜா வயித்துல இடி உருண்டுச்சு. இருந்தும் இலையைத் தள்ளி வச்சாரு.

"இன்னிக்கென்னமோ பசியே இல்ல."

டொய்ங்! டொய்ங்! பொழுது சாஞ்சிருச்சு. கொட்டடிக்குள்ள இருந்து மூக்குச் சத்தம் மட்டும் வந்துச்சு:

"மகாராஜா, ஒரு வாய்ங்! ஒரே ஒரு வாய் சாப்பிடுங்க சாமிங்!"