சுறாவுக்குத் தாலாட்டு

முத்துக் குளிக்கும் காலத்தில் கடல்கட்டி இல்லாமல் எந்தப் படகும் புறப்படாது. ஆட்கள் கடலடியில் சிப்பி பொறுக்கும்வரை, சுறா அவர்களை அண்டாதிருக்க, படகில் அமர்ந்து விடாமல் மந்திரம் பாடுபவர்தான் கடல்கட்டி. பாட்டு நின்றால் ஆட்களைக் கயிறு பிடித்து மேலே இழுத்துவிடுவார்கள்.

அந்தக் கரையில் கடல்கட்டி பிரகாசி. அவளிடம் மந்திரம் கற்க வந்த கஸ்பார், வயதில் அவளைவிட மூத்தவர், அண்ணன் முறை. ஊர் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, வரி வரியாகப் பாடம் செய்தார்.

தனியாகப் படகேற வேண்டிய நாளுக்கு முந்தின மாலை அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தாயி, மந்திரம் சுறாவோட வாயக் கட்டுமா, கண்ணக் கட்டுமா?"

பிரகாசி கையிலிருந்த, அரிசி புடைக்கும் சுளகைக் காட்டினாள். "இத மதினி வீட்டுல குடுத்துட்டு வந்துருதேன், அண்ணாச்சி."

அடுத்த வீட்டு வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து "வாட்டி" என்று பதில் வந்த பிறகே படலைத் திறந்தாள். திரும்பி வந்ததும் மீன் அரிய உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை. முதலில் முங்க இருந்தவன் கஸ்பாரின் தம்பி லேயோன்.

"அண்ணே, நான் மேல வரமுட்டும் தூங்கிராத" என்று சொல்லிவிட்டு, ஆழத்துக்கு இழுக்கும் கல்லோடு கடலில் இறங்கினான்.

கஸ்பார் வாயைத் திறந்தார். அந்நேரம் பார்த்து ஒரு சுறாவின் முதுகுத் துடுப்பு நீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. மந்திரத்தின் முதல் சொல்லே ஓடிப்போயிற்று.

திறந்த வாயை மூட முடியாது. கீழே தம்பி. கடைக்குட்டி மகளுக்குப் பாடும் தாலாட்டு தானாக வந்தது. ஒரு துடுப்புக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுறா கயிற்றருகே வந்து அமிழ்ந்தது. தாலாட்டில் மாமன்மார் தீர்ந்துபோனார்கள். கஸ்பார் இல்லாத மாமன்களையும் வரவழைத்துப் பாடினார்.

கயிறு ஆடியது. கூடை நிறையச் சிப்பியோடு லேயோன் மேலே வந்தான்.

"வந்துச்சுண்ணே. என்னைய ஒரு சுத்து சுத்திப் பாத்துச்சு. நானும் பாத்தேன். சரி, இவன் சோலிய இவன் பாக்கட்டும்னு போயிட்டு."

கரையில் ஒரே கொண்டாட்டம். கஸ்பார் மட்டும் நேரே பிரகாசியிடம் போனார்.

"மந்திரம் மறந்துபோச்சு தாயி. தாலாட்டுதான் பாடினேன்."

"சுறாவுக்கா?"

"ஆமா."

பிரகாசிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தூங்கிச்சா?"

"அது எங்க தூங்குச்சு? பாத்துட்டுப் போயிட்டு. அப்ப, இத்தன நாள் படிச்ச மந்திரம் எதுக்கு?"

அவள் அடுத்த வீட்டு வேலியைக் காட்டினாள். "நேத்து அங்க நின்னு நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா?"

கஸ்பார் யோசித்துப் பார்த்தார். "இல்லியே."

"மதினிக்கும் இருக்காது அண்ணாச்சி. ஆனா, குரல் குடுக்காம அந்த வீட்டுக்குள்ள நான் ஒருநாளும் போனதில்ல."