பூங்காவனத்தைத் தேடிப் போன சாமி

ஒரு ஊர்ல ஒரு பொம்பளை இருந்தா. ஒரு ஊர்லன்னு வாய்ல வந்துருச்சு கண்ணு, அவளுக்குன்னு ஊரே கிடையாது. பேரு பூங்காவனம். வாத்து மேய்க்கிறவ. எங்க நெல்லு அறுத்து முடிக்கிறாங்களோ அங்க வாத்துங்களை ஓட்டிட்டுப் போவா. சிந்தின நெல்லு, நத்தை, புழு எல்லாத்தையும் அதுங்க பொறுக்கித் தின்னும், முட்டை போடும். அப்புறம் அடுத்த ஊரு. பக் பக் பக்குன்னு முன்னால வாத்துங்க, பின்னால கையில கழியோட இவ. ம் கொட்டு.

அவளுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு, தனக்கோட்டின்னு. உன் உசரம்தான். அதுக்குக் காய்ச்சல் வந்து உடம்பு அனலா கொதிக்குது, மருந்தும் கேக்கலை. அப்போ பூங்காவனம் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, வழியில இருந்த கோயிலுக்கு ஓடினா. சாமி முன்னால கிடத்தி, இவளை மட்டும் குடுத்துரு, வேற எதுவும் கேக்க மாட்டேன்னு அழுதா. பிள்ளை பிழைக்கலை. ஆமாடா, செத்துத்தான் போச்சு.

அப்புறம் அவ அழவே இல்லை. சாமியைப் பாத்து, "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு வாத்துங்களை ஓட்டிக்கிட்டுப் போயிட்டா.

சாமிக்கு இருப்புக் கொள்ளலை. வெளியே மேளம் டம டமன்னு அடிக்கிறாங்க, பொங்கல் வைக்கிறாங்க. அவருக்கு ஒண்ணும் ருசிக்கலை. பூங்காவனம் எங்க போனாளோ, சாப்பிட்டாளோ இல்லையோன்னு அதே நினைப்பு. அப்புறம் ஒருநாள் படியிறங்கி நடக்க ஆரம்பிச்சுட்டாரு.

முதல்ல பட்டும் நகையுமா, ஜல் ஜல் ஜல்லுன்னு, பளபளன்னு வயல் நடுவுல வந்து நின்னாரு. பூங்காவனம் தலையைத் தூக்கலை. இந்தக் கோலத்தைத்தான் அன்னைக்கே பாத்துட்டேனே, போன்னு சொல்லிட்டு ஹேய் ஹேய்னு வாத்துங்களைத் திருப்பிட்டா.

சரி, வெறுங்கையோட வந்தது தப்போன்னு சாமி நினைச்சாரு. அடுத்த ஊர்ல அவ கால் வைக்கிறதுக்குள்ள வயலெல்லாம் நெல்லை இறைச்சு வச்சாரு. வாத்துங்க லபக் லபக்குன்னு தின்னு வயிறு புடைச்சு, கூடை கூடையா முட்டை போட்டுச்சு. இது யாரு வேலைன்னு பூங்காவனத்துக்குத் தெரியாதா என்ன? முட்டை எல்லாத்தையும் அந்த ஊரு சனங்களுக்குக் குடுத்துட்டு, ஒண்ணுகூட வச்சுக்காம கிளம்பிட்டா. தூங்கிட்டியா? ம்.

மூணாவதா சாமி ஒரு பழைய துண்டைத் தலையில கட்டிக்கிட்டு, கூலியாள் மாதிரி வந்தாரு. பொழுதுக்கும் அவ பின்னாலயே நடந்தாரு. வரப்புல நடந்து அவருக்குப் பழக்கம் ஏது? தொபுக்குன்னு சேத்துல விழுந்தாரு. எழுந்து வழிச்சுவிட்டுட்டு மறுபடி நடந்தாரு.

அப்போ பூங்காவனம், வந்தது யாருன்னு தெரிஞ்சு, நின்னா. மெதுவாத்தான் கேட்டா. "என் பிள்ளையை ஏன் காப்பாத்தலை?"

சாமி அந்த வரப்புலயே உக்காந்துட்டாரு. "என்ன பதில் சொன்னாலும் உன் மனசு ஆறாது தாயி. உன்னைத் தனியா விட என்னால முடியலை, அதான் வந்தேன்"னாரு. சொல்லிட்டு அழுதாரு. சேத்துக் கையால கண்ணைத் துடைச்சா முகமெல்லாம் சேறு.

பூங்காவனம் கஞ்சிக் கலயத்தைத் திறந்தா. தன் கஞ்சியில பாதியை அவருக்கு ஊத்தினா. வரதுன்னா வா, ஆனா பேச்சுக் குடுக்காதேன்னு சொன்னா. அவ்வளவுதான். மனசு இன்னும் ஆறலை.

அப்புறம் ஒரு மத்தியானம் ஆத்தைத் தாண்டணும். முழங்கால் தண்ணிதான். பாதி ஆத்துல சடசடன்னு மழை பிடிச்சுக்கிச்சு. மேல எங்கயோ பெஞ்ச மழை வெள்ளமும் சேர்ந்து, ஹோன்னு வருது. வாத்துங்க நீந்திக் கரையேறிடுச்சு. இவ ஆத்து நடுவுல ஒரு மணல் திட்டுல மாட்டிக்கிட்டா. திட்டு பொதக் பொதக்குன்னு கரையுது.

சாமி மார்பளவு தண்ணியில நின்னு கையை நீட்டினாரு. புடிச்சு இழுத்திருக்கலாம். இழுக்கலை. நீட்டினபடியே நின்னாரு.

மழையில அவ கண்ணுக்கு முகம் தெரியலை, கை மட்டும் தெரியுது. இந்தக் கை அன்னைக்கு வரலையேன்னு நினைச்சா. இன்னைக்கும் விட்டுட்டா என்ன பண்றதுன்னு நினைச்சா. அப்போ பாத்தா, அந்தக் கை நடுங்குது. குளிர்ல இல்லை கண்ணு. இவ வரணுமேன்னு தவிச்சு நடுங்குது.

பூங்காவனம் கண்ணை மூடிக்கிட்டாளா? இல்லை. நல்லாத் திறந்து வச்சுக்கிட்டே காலைத் தண்ணியில விட்டா. கையைப் புடிச்சுக்கிட்டா.

கரைக்கு வந்ததும் அவ அப்படியே மணல்ல உக்காந்துட்டா. அப்புறம் அழுதா பாரு, அத்தனை நாள் அழாத அழுகை. தனக்கோட்டி, தனக்கோட்டின்னு பேரைச் சொல்லிச் சொல்லி அழுதா. சாமி பக்கத்துல உக்காந்து அவரும் அந்தப் பேரைச் சொன்னாரு.

மழை விட்டுச்சு. வாத்துங்க படபடன்னு றெக்கையை உதறிச்சு. பூங்காவனம் முந்தானையைப் பிழிஞ்சு முகத்தைத் துடைச்சா. கழியை எடுத்து அவர் கையில குடுத்தா.

"நாளைக்கு எந்த ஊருக்குப் போறோம்?"னு கேட்டா.

அவங்க நடந்து போயிட்டாங்க, கதையும் அவங்களோட போயிடுச்சு. நீ கண்ணை மூடு தங்கம்.