கடைசி வரியில் தொண்ணூறாயிரம்

வெல்டிங் கற்றுக்கொள்ள ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தபோது குழந்தைவேலுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. அவர் இவரை டீச்சர் என்றார். இவர் அவரை அண்ணா என்றார். எட்டு மாதத்தில் இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

துடியலூரைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது அந்தக் கொட்டகை. மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள்களை அங்கே டைட்டானியத்தில் செய்தார்கள். ஆளை அளந்து, அந்த ஆளுக்கு மட்டும் ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு வண்டி வெளியே போகும்.

அந்த மாதம் செய்துகொண்டிருந்த வண்டிக்கு முப்பத்தாறு அங்குலச் சக்கரம். தரையில் நிறுத்தினால் குழந்தைவேலுவின் இடுப்புக்கு வந்தது. கோத்தகிரியில் இருக்கும் கால்நடை டாக்டர் இளம்பரிதிக்கு அது. ஆள் ஆறடி ஐந்து அங்குலம்.

திங்கட்கிழமை காலை ஜெசிந்தா விலைத்தாளை எழுதிக்கொண்டிருந்தார். பிரேம் முழுசாக நின்ற பிறகுதான் அவர் விலை எழுதுவார். அதுவரை குழாய் வாங்க முன்பணம் மட்டும். எழுதிய தாளை ஒளிக்காமல் வாங்குகிறவர் கையிலேயே கொடுத்துவிடுவார். குழாய்க்கு இவ்வளவு, சக்கரத்துக்கு இவ்வளவு, கியர், பிரேக், வாயு, வாடகை, கூலி. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி. அதில் பெயர் இருக்காது. தொகை மட்டும் இருக்கும்.

தொண்ணூறாயிரம்.

குழந்தைவேலு இருபத்திரண்டு வருடம் ஒரு சைக்கிள் ஷோரூமில் மேனேஜராக இருந்தவர். விலைத்தாளைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"ஏனுங் டீச்சர், கூலி தனியா போட்டுட்டீங்க. வாடகையும் போட்டாச்சு. அப்புறம் இந்தத் தொண்ணூறாயிரம் எதுக்குங்க?"

"இருக்கட்டும்ணா."

"லாபம்னா லாபம்னு எழுதிடலாமுங்க. யாரும் அடிக்க வர மாட்டாங்க."

"லாபம் கூலியிலயே இருக்குங்ணா."

"பின்ன இது?"

ஜெசிந்தா பேனாவை மூடினார். "டாக்டர் பதினோரு மணிக்கு வர்றாரு. சக்கரத்தை மாட்டிடலாமா?"

வேறு நாளாக இருந்தால் குழந்தைவேலு விட்டிருக்க மாட்டார். அன்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவருக்கு எதையும் அழுத்திக் கேட்கத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான்.

டைட்டானியத்தைச் சுடவைக்கும்போது அதில் காற்று படக்கூடாது. குழாய்க்கு வெளியேயும் படக்கூடாது, உள்ளேயும் படக்கூடாது. அதனால் முதலில் ஆர்கான் வாயுவைக் குழாய்க்குள் விட்டு, உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் வெளியே தள்ள வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் என்று ஜெசிந்தா கடிகாரம் வைத்துச் சொல்வதில்லை. முந்நூறு எண்ண வேண்டும். வாய்விட்டு எண்ண வேண்டும். அவரும் எண்ணுவார். பதிமூன்று வருடமாக டைட்டானியம் வெல்டிங் செய்கிறவர், முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நிற்பார்.

வெல்டிங் முடிந்த இடம் வெள்ளியாக இருந்தால் நல்லது. காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருந்தாலும் குற்றமில்லை. நீலம் வந்தால் காற்று பட்டிருக்கிறது என்று அர்த்தம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இடம் உள்ளுக்குள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருக்கும். என்றைக்கோ ஒரு நாள், ஒரு குலுக்கலில், விட்டுக்கொடுத்துவிடும்.

கொட்டகையில் இன்னொரு சட்டமும் உண்டு. கம்பி பிரஷ் வெல்டிங்குக்கு முன்னால்தான். பின்னால் கூடாது. எந்த நிறம் வந்ததோ அந்த நிறத்தோடுதான் வண்டி வெளியே போகும்.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா கூரியர் ஆபீஸுக்குப் போயிருந்தார். பெடல் அச்சு வருகிற இடத்தில் குழாய்கள் சேரும் ஜாயின்ட்டை அன்றுதான் முதல்முறையாகக் குழந்தைவேலுவிடம் விட்டிருந்தார். ஆள் ஏறி மிதிக்கும்போது முழு எடையும் வந்து இறங்குகிற இடம் அது.

அவர் வாயுவைத் திறந்தார். எண்ணத் தொடங்கினார். கேட்க ஆளில்லாததால் மனசுக்குள்ளேயே எண்ணினார். எட்டு மாசமா எண்ணியாச்சு, போதாதா என்று ஒரு நினைப்பு நடுவில் வந்தது. பற்றவைத்துவிட்டார். முடித்ததும், சூடு ஆறும்வரை வாயு படும்படி பிடித்திருக்க வேண்டிய கையையும் சட்டென்று எடுத்துவிட்டார்.

நெருப்பு அணைந்ததும் பார்த்தார். கட்டைவிரல் அகலத்துக்கு நீலம். மயில் கழுத்து மாதிரி.

பிறகு ஆணியில் தொங்கிய கம்பி பிரஷை எடுத்தார்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது அந்த இடம் பளபளவென்று வெள்ளியாக இருந்தது.

"முடிஞ்சுதாங்ணா?"

"முடிஞ்சுதுங் டீச்சர்."

ஜெசிந்தா எட்டிப் பார்க்கவில்லை. வரும் வழியில் வாங்கிய தேங்காய் பன்னைப் பிரித்து, பெரிய பாதியை அவரிடம் நீட்டினார். குழந்தைவேலு அதை வாங்கித் தாளோடு மேஜையில் வைத்தார்.

டாக்டர் இளம்பரிதி திங்கட்கிழமை சொன்னபடி பதினோரு மணிக்கு வந்தார். வாசலில் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். தலை இடித்தது. தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"ஏறலாமுங்களா?"

"ஏறுங்க டாக்டர். செயின் இல்ல, மிதிக்க முடியாது. சும்மா உட்கார்ந்து பாருங்க."

அவர் ஏறி உட்கார்ந்தார். கால் நீண்டது. கை நீண்டது. முதுகு எங்கேயும் மடங்கவில்லை. சாயாமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்கூல்ல இருந்து சைக்கிள் ஓட்டறேன். முட்டி வந்து ஹேண்டில்பார்ல இடிக்கும். சர்க்கஸ் கரடின்னுதான் பேரு." பாதி சிரிப்பில் நிறுத்தினார். "இப்பதான் மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

"எங்கே ஓட்டுவீங்க?" என்று குழந்தைவேலு கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"தேயிலைத் தோட்டம் வழியா கீழ ஒரு தடம் போகுதுங்க. ஒரு பக்கம் பூரா பள்ளம். ஞாயித்துக்கிழமை அதுலதான் இறங்கணும்."

டாக்டர் இறங்கினார். குனிந்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்த்தார். மாட்டின் காலைத் தடவிப் பார்க்கிற மாதிரி விரலால் தடவிக்கொண்டே வந்தார். பெடல் அச்சு வருகிற இடத்தில் விரல் நின்றது.

"மத்ததெல்லாம் லேசா மஞ்சள் ஓடியிருக்கு. இது மட்டும் வெள்ளி மாதிரி இருக்குங்க. இதுதான் இருக்கறதுலயே நல்ல ஜாயின்ட்டு, இல்லீங்களா? யார் போட்டது?"

"அண்ணா போட்டது" என்றார் ஜெசிந்தா.

டாக்டர் எழுந்து குழந்தைவேலுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய கை. குழந்தைவேலுவின் கை அதற்குள் காணாமல் போனது. அதை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் குலுக்கவும் முடியவில்லை. டாக்டர் செல்போனை எடுத்து அந்த ஜாயின்ட்டை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்தார். எடுத்ததை உடனே யாருக்கோ அனுப்பினார்.

பிறகு விலைத்தாளை வாங்கிப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். கடைசி வரிக்கு ஆட்டவில்லை.

"இது என்னன்னு போடலீங்களே."

"போடலைங்க" என்றார் ஜெசிந்தா.

"தப்பா நெனைக்காதீங்க. நான் மாட்டு டாக்டரு. எனக்கு இது பெரிய தொகைங்க. இந்த வரியை மட்டும் எடுக்க முடியுமான்னு பாருங்க."

ஜெசிந்தா திரும்பினார்.

"அண்ணாவுக்கு இந்த வியாபாரம் என்னைவிட நல்லாத் தெரியும். அவர் எடுக்கலாம்னா எடுத்துடறேன்."

இரண்டு பேரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள்.

ஷோரூமில் இப்படி எத்தனையோ பேர் எதிரில் அவர் நின்றிருக்கிறார். ஒரு பெல், ஒரு பாட்டில் மாட்டும் கம்பி, அதற்கு மேல் கொடுத்ததில்லை. இப்போது அவருக்கு இந்த நெட்டை மனிதனிடம் எதையாவது எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் போல இருந்தது. எவ்வளவு பெரிதாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அந்தக் கையின் சூடு தன் கையை விட்டுப் போகும் என்று தோன்றியது.

"எடுத்துடலாமுங்க" என்றார்.

ஜெசிந்தா பேனாவைத் திறந்தார். தொண்ணூறாயிரத்தின் மேல் ஒரு கோடு போட்டார். கூட்டுத்தொகையை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் டாக்டருக்கு, ஒரு நகல் கொட்டகைக்கு.

டாக்டர் போகும்போது வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னார். "ரொம்ப நன்றிங்ணா."

அவருடைய ஜீப் போகும் சத்தம் அடங்கும்வரை ஜெசிந்தா மேஜையைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங்ணா எடுக்கச் சொன்னீங்க?"

குழந்தைவேலு ஆணியில் தொங்கிய கம்பி பிரஷைப் பார்த்தார்.

"காலைல நீங்க கேட்டீங்க, நான் பதில் சொல்லலை. அந்தக் கோவமா?"

"ஐயோ, இல்லீங் டீச்சர்."

"அவர் பாவம்னா?"

"அதுவும் இல்லீங்."

ரயில் ஒன்று போனது. கொட்டகையின் தகரம் அதிர்ந்து நின்றது. அந்தச் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"அந்த ஜாயின்ட்டுல நான் பிரஷ் போட்டுட்டனுங் டீச்சர்."

ஜெசிந்தா துணியைக் கீழே வைத்தார்.

"எத்தனை எண்ணுனீங்க?"

"நூத்திப்பத்து."

அதற்குமேல் ஜெசிந்தா எதுவும் கேட்கவில்லை. முன்பே தெரியுமா என்று குழந்தைவேலுவும் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் இல்லை.

ஜெசிந்தா சக்கரங்களைக் கழற்றினார். பிரேமைப் பட்டறைப் பிடியில் மாட்டி இறுக்கினார். சுவரிலிருந்து இரும்பு அறுக்கும் ஹாக்ஸாவை எடுத்தார். அவர்தான் அறுப்பார் என்று குழந்தைவேலு ஒதுங்கி நின்றார். ஹாக்ஸா அவர் பக்கம் நீண்டது.

"நானுங்களா?"

"நான் பிடிச்சுக்கறேன்."

டைட்டானியம் சுலபத்தில் அறுபடாது. பிளேடு இரண்டு தடவை மழுங்கியது. குழந்தைவேலுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜெசிந்தா இரண்டு கையாலும் பிரேமை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

துண்டு கையில் வந்தது. வெளியே கண்ணைப் பறிக்கிற வெள்ளி. உள்ளே சாம்பல். விரலை விட்டால் மாவு மாதிரி ஒட்டியது.

ஜெசிந்தா ஒரு அட்டையில் டாக்டர் இளம்பரிதி என்று எழுதினார். கம்பியில் கோர்த்துத் துண்டில் கட்டினார். சுவரில் ஏற்கெனவே எட்டுத் துண்டுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். எங்கேயோ வாங்கி உடைந்துபோய், இவரிடம் சரிசெய்யக் கொண்டுவந்தவர்களின் பெயர்கள் என்றுதான் எட்டு மாதமாகக் குழந்தைவேலு நினைத்திருந்தார்.

"இதெல்லாம்..."

"நான் போட்டது."

குழந்தைவேலு ஒன்பதாவது ஆணியில் தன்னுடையதை மாட்டினார்.

"டாக்டருக்கு நீங்களே போன் பண்ணிடுங்ணா. வண்டி இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

குழந்தைவேலு போன் செய்தார். ஜெசிந்தா வெளியே போய்விடுவார் என்று பார்த்தார். போகவில்லை. அவர் முன்னாலேயே உள்ளதை உள்ளபடி சொன்னார். முழுக்க எண்ணாதது, நீலம் வந்தது, பிரஷ் போட்டது, இப்போது அறுத்தது.

"நான் தடவிப் பார்த்தேனே, அதுங்களா?"

"அதேதானுங்க."

"எங்கம்மாவுக்குப் போட்டோ அனுப்பிட்டனே."

குழந்தைவேலுவின் கண் ஒன்பதாவது ஆணிக்குப் போனது.

"சரிங்க" என்றார் டாக்டர். "நல்லாப் பண்ணுங்க." வைத்துவிட்டார். இந்த முறை அண்ணா என்று சொல்லவில்லை.

குழந்தைவேலு போனைச் சட்டைப்பையில் போட்டார். எடுத்தார். மறுபடியும் போட்டார்.

"புதுக் குழாய்க்கு ஆகற காசை என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க டீச்சர். எத்தனை மாசம் ஆனாலும் சரி."

"மாட்டேங்ணா."

"ஏனுங்க?"

"பிடிச்சா அடுத்த தடவை நீங்க அறுக்க மாட்டீங்க."

அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே கொட்டகையின் நகல் கிடந்தது. கூலி, வாடகை, வாயு. எல்லாவற்றுக்கும் கீழே மை காய்ந்த ஒரு கோடு.

"பின்ன இதுக்கெல்லாம் யாருங்க டீச்சர் குடுக்கறது?"

ஜெசிந்தா வாயுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"இன்னைக்குப் பதினோரு மணி வரைக்கும் அந்த வரியில டாக்டர் குடுக்கறதா இருந்தாருங்ணா."