குடித்தனக்காரன் காரும் வீட்டுக்காரர் வயிற்றெரிச்சலும்

மாடியில் குடியிருக்கும் ஜெராக்ஸ் கடை இசக்கியப்பன் பழைய கார் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியதிலிருந்து, வீட்டுக்காரர் மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு மட்டுமே கார் இருந்த தெரு அது. ஒருநாள் அவன் வண்டியைப் பூட்டாமல் போன நேரம் பார்த்து, பானெட்டைத் திறந்து ஒரு டியூபைப் பிடுங்கிவிட்டார்.

மறுநாள் ஸ்டார்ட் பண்ணியதும் வண்டி நின்ற இடத்திலேயே கிடுகிடுவென்று ஆடியது.

"என்னடே, சாமியாடுது? நாளைக்குள்ள ஆட்டம் நிக்கணும். இல்லாட்டி வண்டி இங்க நிக்கக் கூடாது" என்றார் மாசிலாமணி, தெருவுக்கே கேட்கும்படி.

ஒரு மணி நேரத்தில் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத் திரும்பினான் இசக்கியப்பன். "நிப்பாட்ட மனசில்ல அண்ணாச்சி. ஏதோ ஒரு டியூப் கழண்டுருக்காம். அதனால பெட்ரோல் பாதிதான் குடிக்குதாம். மெக்கானிக்கே மாட்ட வேண்டாம்னுட்டாரு."

கெடுக்கப் போய் அவனுக்கு நல்லது பண்ணிவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க வெந்துபோனார் மாசிலாமணி.

விடிந்ததும் அவருடைய பெரிய கார் வாசலில் நின்று குலுங்கியது. தெருவே கூடிவிட்டது. இசக்கியப்பன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"அதே டியூப்தான். எந்த டியூப்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே அண்ணாச்சி" என்றான். "ரெண்டையும் நீங்களே மாட்டிருங்க. கழட்டின கைக்குத்தான் இடம் தெரியும்."